4 வாட் அம்ப், 99 டெசிபல் பெட்டி: கல்லடியில் ஆறு வருடம்

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டு ஹோலில் பாடுவது பக்கத்துக்கு 4 வாட் மட்டுமே தரும் ஒரு வால்வ் அம்ப், அதாவது கண்ணாடிக் குழாய்களால் ஸ்பீக்கருக்குச் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி. அந்தக் காலத்து வால்வ் றேடியோக்களில் இருந்த அதே ஈஎல்84 வால்வ், இடப் பக்கத்துக்கு ஒன்று, வலப் பக்கத்துக்கு ஒன்று. வீட்டுக்கு வருகிறவர்கள் 4 வாட் என்று கேட்டதும் சிரிப்பார்கள். முதல் வருடம் எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. அப்போது அது பாடிய லட்சணம் அப்படி.

அந்த நேரம் என்னிடம் இருந்தது 85 டெசிபல் என்று பின்னால் எழுதிய சின்ன ஸ்பீக்கர் பெட்டிகள். எங்கள் ஊர் வடமோடிக் கூத்தை அப்பா கசெற்றில் பதிந்து வைத்திருந்தார். பாட்டு வரையில் பரவாயில்லை. கூத்துப் பழக்கும் அண்ணாவியார் மத்தளத்தில் ஓங்கி ஒரு அடி போட்டால், பிளாஸ்டிக் வாளியில் தட்டினது போல ஒரு சத்தம். கடைக்காரர் 100 வாட் அம்ப் ஒன்றை விற்கப் பார்த்தார். காத்தான்குடியில் றேடியோ திருத்தும் காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) வேறு கதை சொன்னார்: "அம்ப உடுங்க தம்பி, பெட்டிய மாத்துங்க."

கனடாவில் இருக்கும் மச்சான் பாவித்த கிளிப்ஷ் ஹெரெசி 3 ஒரு சோடியை 2019இல் கார்கோவில் அனுப்பினான். 12 அங்குலக் கோன், நடுச் சத்தத்துக்கும் மேல் சத்தத்துக்கும் கொம்பு (ஹோர்ன்). ஒரு பெட்டி 20 கிலோ, 99 டெசிபல். பவுல் கிளிப்ஷ் இந்த ஹெரெசியை முதலில் கொண்டுவந்தது 1957இல். வால்வ் அம்ப் காலத்துப் பிள்ளை.

கணக்கு இதுதான். 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தூரத்தில் அளந்தால் வரும் சத்தம்தான் அந்த டெசிபல் எண். 3 டெசிபல் கூட வேண்டுமென்றால் இரண்டு மடங்கு வாட் வேண்டும், 10 டெசிபலுக்குப் பத்து மடங்கு. 85க்கும் 99க்கும் இடையில் 14 டெசிபல், அதாவது 25 மடங்கு. பழைய பெட்டிக்கு 100 வாட் கேட்ட சத்தத்தை இது 4 வாட்டில் தருகிறது. இந்த 99இல் அறைச் சுவர்களின் உதவியும் சேர்ந்திருக்கும் என்பது என் எண்ணம். மூன்றைக் கழித்தாலும் 12 மடங்கு மிச்சம். இன்னொன்று, 4 ஓம் (மின்தடை அளவு) பெட்டிகளில் இந்த எண்ணை அப்படியே நம்பாதீர்கள். 2.83 வோல்ட்டில் அளந்திருந்தால் 8 ஓமுக்கு அது 1 வாட், 4 ஓமுக்கு 2 வாட். சும்மா 3 டெசிபல் ஏறிவிடும்.

ஒரு நாள் காக்கா மல்ரிமீற்றரைக் கொண்டுவந்து ஸ்பீக்கர் வயரில் பிடித்தார். கூத்துப் பாட்டு, அடுத்த அறையில் கேட்கும் அளவு சத்தம். எண்கள் ஆடியபடியே இருந்தன, ஆனால் 1 வோல்ட்டைச் சுற்றித்தான். 8 ஓமுக்கு அது எட்டில் ஒரு வாட்! மிச்சம் எதற்கு என்றால், மத்தள அடிக்கு. அந்த அடி சராசரியைவிட 15 டெசிபல் மேலே பாயலாம், அதற்கு முப்பது மடங்கு வாட் வேண்டும். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 4. என் அம்ப் மயிரிழையில் பாஸ். ஹோல் இதைவிடப் பெரிதாக இருந்திருந்தால் பாஸ் ஆகியிராது.

இனிக் குறைகள். இப்படிப்பட்ட பெட்டி அம்பின் இரைச்சலையும் விடாது, எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காட்டும். பழைய பெட்டியில் கேட்காத 'ம்ம்' சத்தம் முதல் நாளே கேட்டது. பாதி எங்கள் வீட்டு எர்த் சரியில்லாததால். புதுக் கம்பி அடித்ததும் குறைந்தது. மீதி அம்புக்குள் இருந்த பழைய கப்பாசிட்டர். அதை மாற்றிய பிறகும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, ஆனால் ஃபேன் ஓடும்போது தெரியாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் இங்கே ஃபேன் இல்லாமல் யார் இருக்கிறார்கள்?

2022இல் மணிக்கணக்காகக் கரண்ட் வெட்டியபோது ஃபேனும் இல்லை, வால்வ் அம்பும் இல்லை. உள்ளங்கை அளவு டிஜிற்றல் அம்ப் ஒன்றை 12 வோல்ட் மோட்டார் சைக்கிள் பற்றரியில் மாட்டினேன். அதுவும் ஆறேழு வாட்தான். இரவு பத்து மணி வரை பாடியும் பற்றரி சோரவில்லை. குரல் கொஞ்சம் வறண்டிருந்தது, அமைதியில் அதன் 'ஸ்ஸ்' இரைச்சலும் நன்றாகக் கேட்டது. ஆனால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் விறாந்தைக்கு வந்து இருந்து கேட்டார்கள். பழைய பெட்டியாக இருந்திருந்தால் இது நடந்திராது.

அடிச் சத்தம் (பேஸ்) கொஞ்சம் குறைவுதான். 58 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஹெரெசி இறங்காது. மூலைக்குத் தள்ளி வைத்ததில் பாதி சரியானது. வால்வ் அம்புக்குக் கோனை இழுத்துப் பிடிக்கும் பலமும் குறைவு, அதனால் அடி சற்றுத் தளர்வாக வரும். புதுப் பாட்டுகளை அதிரக் கேட்கிறவர்களுக்கு இந்தச் சோடி சரிப்படாது.

கடல் பக்கம் என்பதால் ஸ்பீக்கர் வயர் முனையில் களிம்பு பிடிக்கும். ஒவ்வொரு மாரிக்குப் பிறகும் முனையை வெட்டிப் புதிதாகச் சீவி மாட்டுகிறேன். வால்வ் ஒரு தடவை மாற்றியாயிற்று. மறுகா, போன வருடம் அம்ப் திடீரென்று செத்தது. டிரான்ஸ்போமர் எரிந்துவிட்டது என்று பயந்து காக்காவைக் கூப்பிட்டேன். கீழ்த் தட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஃபியூஸ் மட்டும்தான் தம்பி. பல்லிதான் மௌத்து." உள்ளே ஒரு பல்லி செத்துக் கிடந்தது. காற்றுத் துளைகளுக்கு இப்போது கம்பி வலை போட்டிருக்கிறேன்.