கலக்கி சொல்லிப் பாருங்கள்: ஊட்டி, குன்னூர் சந்து பார்கள்

ஊட்டி சேரிங் கிராஸில் நின்று சுற்றிப் பார்த்தால் சாக்லேட் கடை தெரியும், வர்க்கி கடை தெரியும், தைலக் கடை தெரியும். உட்கார்ந்து ரெண்டு பெக் போட்டுவிட்டு வயிறாரச் சாப்பிட ஓர் இடம் மட்டும் கண்ணில் படாது. இல்லாமல் இல்லை. கமர்ஷியல் ரோட்டுக்குப் பின்பக்கச் சந்துகளிலும், மார்க்கெட்டை ஒட்டி இறங்கும் படிக்கட்டு ஓரங்களிலும், பழைய லாட்ஜ்களின் மாடியிலும் இருக்கின்றன. குன்னூரிலும் அப்படித்தான், பஸ் ஸ்டாண்டுக்கும் பெட்ஃபோர்டுக்கும் நடுவே மேடேறும் தெருக்களில் தேட வேண்டும்.

மெயின் ரோட்டில் பளிச்சென்று நிற்க பார்காரர்களுக்கே ஆசை இல்லை. 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது. பின்னர் சின்ன ஊர்களுக்கு அது 220 மீட்டர் ஆனது. இங்கே ஊர்களின் நடுவே ஓடுவதே தேசிய நெடுஞ்சாலை 181. ரோட்டை விட்டு 500 மீட்டர் தள்ளிப் போனால் ஒன்று பள்ளம், இல்லையென்றால் தேயிலைத் தோட்டம். 2017ல் நகராட்சி எல்லைக்குள் இருப்பவற்றுக்கு விலக்கு வந்துவிட்டது. ஆனாலும் ரோட்டோரத்தில் கடை போட்டால் எப்போது என்ன வருமோ என்ற பயம் யாருக்கும் போயிருக்காது.

மூன்று வகை உண்டு. முதலாவது, டாஸ்மாக் கடையை ஒட்டிய பார். சரக்கைக் கடையில் எம்ஆர்பிக்கு வாங்கிக்கொண்டு உள்ளே போய் உட்கார வேண்டும், பார்காரருக்குக் காசு சைடிஷ்ஷில்தான். இரண்டாவது, எஃப்எல் 3 லைசென்ஸ் வாங்கிய ஓட்டல் பார். இங்கே பெக் கணக்கு, விலை அவர்கள் வைத்தது. மூன்றாவது கிளப். 1841ல் தொடங்கிய ஊட்டி கிளப்பில்தான் 1882ல் ஸ்னூக்கர் விதிகளை எழுதி மாட்டினார்கள், பெருமையான இடம்தான். மெம்பர் கூட்டிப் போனால் ஒழிய வாசல்படி தாண்ட முடியாது என்பதால் இந்த மதிப்பீட்டில் அதற்கு வேலை இல்லை. புல்வெளியும் கணப்பும் வைத்திருக்கும் பெரிய ஓட்டல்களின் பார்களையும் விட்டுவிடலாம். அவற்றை யாரும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, மேப்பே கூட்டிக்கொண்டு போய் விடும்.

சந்து பார் என்று இங்கே சொல்வது இரண்டாவது வகையில் சின்னவற்றையும் முதல் வகையில் அடுப்பு நன்றாக எரிகிற சிலவற்றையும்தான். பெயர் சொல்லிப் பட்டியல் போடுவதில் பிரயோஜனம் இல்லை. மலையில் பாரின் தரம் பெயரோடு ஒட்டி இருப்பதில்லை, மாஸ்டரோடு இருக்கிறது. மாஸ்டர் கடை மாறினால் தரமும் கூடவே போய்விடும். அதனால் எந்தக் கடை என்பதைவிட எப்படிச் சோதிப்பது என்று தெரிந்து வைத்துக்கொள்வதே உபயோகம்.

வாசலில் முதலில் பார்க்க வேண்டியது வண்டிகளை. வார நாளில் சாயங்காலம் நாலு, அஞ்சு மணிக்கு டிஎன் 43 வண்டிகள் நின்றால் உள்ளூர்க்காரர்கள் வருகிறார்கள் என்று அர்த்தம். அதிலும் காய்கறி ஏற்றுகிற பிக்கப் நின்றால் நம்பிப் போகலாம். விடிவதற்கு முன்னாலிருந்து கேரட்டும் முட்டைக்கோஸும் ஏற்றி இறக்கியவர் ஆறின சில்லி சிக்கனை மன்னிக்க மாட்டார். வழி கேட்பதாக இருந்தால் "நல்ல பார் எங்கே" என்று கேட்காதீர்கள், பெரிய ஓட்டலைக் காட்டுவார்கள். "சாப்பாடு நல்லா இருக்கிற பார் எதுங்கண்ணா" என்று கேளுங்கள். பதில் வேறு திசையில் வரும்.

உள்ளே போனதும் மெனுவைத் திறக்காமல் "அண்ணா, ஒரு கலக்கி, பெப்பர் தூக்கலா" என்று சொல்லிவிடுங்கள். பில்லில் இது சின்னத் தொகைதான், ஆனால் அடுப்படியின் ஜாதகமே இதில் இருக்கிறது. இரண்டு முட்டை, ஒரு கரண்டி சால்னா அல்லது கறிக்குழம்பு, உப்பு, மிளகு, நறுக்கின சின்ன வெங்காயம். அடித்துக் கல்லில் ஊற்றி, ஓரம் பிடித்ததும் நாலு பக்கமும் மடித்து, நடு இன்னும் தளதளவென்று இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். மொத்தம் அரை நிமிஷ வேலை. இந்த ஊர்க் குளிரில் வெளியே வைத்த முட்டையே ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தது மாதிரிதான் இருக்கும். ஊற்றிய நிமிஷம் கல் சட்டென்று ஆறிவிடும், கலவை கல்லெல்லாம் ஓடி, மடிக்க வராமல் கிழியும். அதைச் சமாளிக்கிறேன் என்று அவசரக்காரர் தீயை ஏற்றினால் வருவது கலக்கி இல்லை, சுருட்டின ஆம்லெட். தெரிந்த மாஸ்டர் கல்லில் தண்ணீர் தெளித்து, அது முத்து முத்தாக ஓடுகிறதா என்று பார்த்து, தீயைக் கொஞ்சம் தணித்துவிட்டு ஊற்றுவார். தட்டில் வந்ததை ஸ்பூனால் கீறுங்கள். நடுவிலிருந்து மெல்லக் குழம்பு கசிந்தால் தைரியமாக அடுத்த ஆர்டர் கொடுக்கலாம். ரப்பர் மாதிரி எழுந்து நின்றால் ஒரு ரவுண்டோடு பில் கேட்டு விடுங்கள்.

அடுத்து காளான். நீலகிரியில் வளர்கிற மொட்டுக் காளான் சமதளத்துக்குப் போய்ச் சேருவதற்குள் வாடிவிடும். இங்கே அந்தச் சாக்கு செல்லாது. பெப்பர் மஷ்ரூம் கேட்டால் மிளகு ஒட்டி, ஓரம் சிவந்து, காய்ந்த மாதிரி வர வேண்டும். பல இடத்தில் சாம்பல் நிறத் தண்ணீரில் நீந்திக்கொண்டு வருகிறது. காரணம் சட்டியில்தான். காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். நாலு ஆர்டரை ஒரே வாணலியில் கொட்டி உப்பையும் முதலிலேயே போட்டால் தண்ணீரெல்லாம் வெளியே வந்துவிடும், காளான் வறுபடாமல் அதிலேயே வேகும். 2,240 மீட்டர் உயரத்தில் ஊட்டித் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அந்தத் தண்ணீர் இருக்கும்வரை சட்டிக்குள் சூடு அதற்கு மேல் ஏறாது, காளான் சிவக்கவும் செய்யாது. சட்டி புகைய வேண்டும், கைப்பிடி கைப்பிடியாகப் போட வேண்டும், உப்பு கடைசியில். கூட்டம் இல்லாத நேரத்தில் "தனியா போட்டுக் கொடுங்க" என்று கேட்டால் போட்டுத் தருவார்கள்.

அதே 92 டிகிரிதான் ஃப்ரைடு ரைஸையும் கெடுக்கிறது. சாதத்தைத் திறந்த பாத்திரத்தில் வடித்த கடையில் அரிசியின் நடு வேகாமல் நிற்கும், வாயில் போட்டால் தெரியும். கறிக்குக் குக்கர் கட்டாயம், அதுவும் கூடுதல் நேரம் வேண்டும். விசில் எடை வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல்தான் சேர்க்கிறது. வெளிக்காற்றே இங்கே மெலிவு என்பதால் குக்கருக்குள்ளும் சூடு சில டிகிரி குறைவு. கோயமுத்தூரில் ஆறு விசிலில் குழைகிற ஆட்டுக்கறிக்கு இங்கே எட்டாவது வேண்டும். கீழிருந்து புதிதாக வந்த மாஸ்டர் பழக்க தோஷத்தில் ஆறிலேயே இறக்குவார், மட்டன் சுக்கா பல்லோடு மல்லுக்கு நிற்கும். போட்டி, ஈரல், பீஃப் ஃப்ரை எதுவானாலும் முதலில் அரை பிளேட் சொல்லிப் பார்ப்பது நல்லது.

ஃபிங்கர் சிப்ஸ் விஷயத்தில் ஒரு நியாயம் சொல்லியாக வேண்டும். கருப்பாக வந்தால் உடனே பழைய எண்ணெய் என்று சண்டைக்குப் போகாதீர்கள். உருளைக்கிழங்கை ரொம்பக் குளிரில் வைத்தால், ஏழு டிகிரிக்குக் கீழே என்று வைத்துக்கொள்ளுங்கள், மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். அந்தச் சர்க்கரை எண்ணெயில் கருகும். டிசம்பர், ஜனவரியில் இங்கே வெறும் ஸ்டோர் ரூமே அந்தக் குளிருக்கு வந்துவிடுகிறது. ஓரம் கருத்து, கடித்தால் லேசாக இனித்தால் கிழங்கு குளிர்பட்டது. இனிப்பே இல்லாமல் காறல் வாடை அடித்தால் எண்ணெய்தான். முதலாவதற்கு வேறு ஐட்டம் கேளுங்கள், இரண்டாவதற்கு எழுந்து போய்விடுங்கள்.

படுகர் வீட்டு அவரை உதக்காவும் ராகிக் களியும் பார் மெனுவில் அநேகமாகக் கிடைக்காது. இந்த மலையின் சொந்தச் சாப்பாடு இருக்கும்போது எல்லா பாரும் ஒரே சிவப்புப் பொடியில் கோபி 65 போட்டுக்கொண்டிருப்பது எரிச்சலான விஷயம்தான்.

குடிக்கிற பக்கம் வருவோம். ரம்மும் சுடுதண்ணியும்தான் மலைக்குப் பொருத்தம், எல்லா பாரிலும் கேட்டால் தருவார்கள். ஆனால் பலரும் ரம்மின் மேல் கொதிக்கிற தண்ணீரை ஊற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். ஆல்கஹால் சமதளத்தில் 78 டிகிரியில் கொதிக்கும், ஊட்டியில் 72 பக்கத்திலேயே கிளம்பிவிடும். அந்த ஆவி மூக்கில் ஏறி இருமல் வரும், வாசனையும் அதோடு போச்சு. தண்ணீரைத் தனி டம்ளரில் வாங்கி ரெண்டு மூணு நிமிஷம் ஆற விடுங்கள். 60 மில்லி ரம்முக்கு 100 மில்லி போதும், தண்ணீர் முதலில், ரம் பிறகு. அரை மூடி எலுமிச்சை, தட்டின மிளகு நாலு. பெக்கை அளவுக் குவளையில் அளந்து ஊற்றச் சொல்வதில் கூச்சமே வேண்டாம்.

உடம்பு சூடாகிவிட்டது என்று ஸ்வெட்டரைக் கழற்றுகிறவர்கள் கவனிக்க வேண்டும். சரக்கு தோலுக்கு ரத்தத்தை இழுத்துக் கொண்டுவருகிறது, அதனால் சூடு தெரிகிறது. உண்மையில் உள்சூடு வெளியே போய்க்கொண்டிருக்கிறது. வெளியே வந்ததும் பனிக்காற்றில் பல் கிட்டுவது அதனால்தான்.

பீருக்கு இந்த ஊர் அவ்வளவாகச் சரிப்படாது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் கடைசிவரை சூடேறாது, சில்லிட்ட நாக்குக்கு ருசி தெரியாது. "ஃபிரிட்ஜ்ல வைக்காதது இருக்கா" என்று கேட்டு வாங்குவது உள்ளூர் வழக்கம், அது சரியும்கூட. ஊற்றும்போது கிளாஸைச் சாய்த்துப் பிடியுங்கள். வெளி அழுத்தம் குறைவு என்பதால் நுரை கீழே இருப்பதைவிட அதிகமாகவே பொங்கும்.

பிளாஸ்டிக் டம்ளர் இங்கே தடை. ஒரு லிட்டர், ரெண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலும் தடை. அதனால் கண்ணாடி கிளாஸும் ஜக்குத் தண்ணீரும்தான் வரும், இது மலை பார்களின் பெரிய நல்ல குணம். கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். வெந்நீர் இல்லாமல் கழுவின கிளாஸில் விளிம்பில் எண்ணெய்ப் படலம் நிற்கும். மாற்றித் தரச் சொல்லலாம்.

பாட்டில் காசைப் பற்றி ஒரு வார்த்தை. 2022 மே முதல் நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்குப் 10 ரூபாய் சேர்த்து வாங்குகிறார்கள், காலி பாட்டிலைக் கொடுத்தால் திரும்பக் கிடைக்கும். காட்டில் உடைந்து கிடக்கும் பாட்டில் யானையின் காலில் குத்துகிறது என்று உயர் நீதிமன்றம் வரை போன விவகாரம் இது. பாரில் உட்கார்ந்து குடிப்பவர்கள் காலி பாட்டிலை மேஜையிலேயே விட்டுவிடுகிறார்கள், 10 ரூபாயும் அதோடு சேர்ந்து நின்றுவிடுகிறது. டிப்ஸாக நினைத்தால் சரி, இல்லையென்றால் ஸ்டிக்கர் கிழியாமல் எடுத்துக்கொண்டு போங்கள்.

டாஸ்மாக் பகல் 12க்குத் திறந்து இரவு 10க்கு அடைக்கும். ஓட்டல் பார் அதைத் தாண்டியும் இருக்கலாம், ஆனால் அடுப்பு முன்னாலேயே அணைந்துவிடும். மலை ஊர் சீக்கிரம் தூங்குகிற ஊர். உட்காரும்போதே "கிச்சன் எத்தனை மணி வரைக்கும்" என்று கேட்டுவிடுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, திருவள்ளுவர் தினம், வள்ளலார் நினைவு நாள், மகாவீர் ஜெயந்தி, மிலாடி நபி, இந்த நாட்களில் எல்லாமே மூடல். நீண்ட விடுமுறைக்கு ஏறி வருகிறவர்கள் பாதிப் பேர் இதில்தான் மாட்டுகிறார்கள். 21 வயது ஆகாதவர்களுக்குக் கிடையாது. பெண்களோடு போவதாக இருந்தால் டாஸ்மாக் பார் வேண்டாம். ரெஸ்டாரண்ட் சேர்ந்த ஓட்டல் பாரில் ஃபேமிலி ரூம் இருக்கிறதா என்று போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போவது உத்தமம்.

ஏப்ரல், மே சீசனில் மேலே சொன்ன சோதனை எதுவும் செல்லாது. இருபது ஆர்டர் வரிசையில் நிற்கும்போது எந்த மாஸ்டராலும் கலக்கி ஒழுங்காகப் போட முடியாது. ஜூலை மழையிலோ, பொங்கல் முடிந்த வார நாட்களிலோ போனால் அதே கடை வேறு கடையாக இருக்கும்.

திரும்பிப் போவதற்கான ஏற்பாட்டை முதல் பெக்குக்கு முன்னாலேயே செய்துவிட வேண்டும். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் தாண்டினால் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை ஜெயில், இரண்டும் சேர்ந்தும் வரலாம். கொண்டை ஊசியில் பனி இறங்கிவிட்டால் குடிக்காதவருக்கே முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்குதான் வழி. குன்னூரில் குடித்துவிட்டு ஊட்டிக்கு 19 கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு வரலாம் என்ற யோசனையே கூடாது. அந்தந்த ஊரிலேயே நடந்து போகிற தூரத்தில் ரூம் போடுங்கள். நடப்பதிலும் கவனம் வேண்டும். குன்னூர், கோத்தகிரி பக்கம் ராத்திரியில் காட்டெருமை தெருவிலேயே நிற்கும், குப்பைத்தொட்டி அருகே கரடியும் வரும். இருட்டில் பெரிதாக ஏதாவது மூச்சு விட்டால் டார்ச்சை முகத்தில் அடிக்காமல், மெல்லப் பின்வாங்கிப் பாருக்குத் திரும்பி ஆட்டோ சொல்லச் சொல்லுங்கள். கல்லாவில் இருப்பவரிடம் தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவரின் நம்பராவது இருக்கும்.