தனுஷ்கோடி ஸ்டேஷன் மாஸ்டருக்கு வழுக்கையா?

"தனுஷ்கோடியின் இன்றைய ஸ்டேஷன் மாஸ்டர் வழுக்கைத் தலையர்." 1964 டிசம்பர் புயலில் ஸ்டேஷனே போய்விட்டது, மிச்சம் இடிந்த சுவர்தான். அப்படியானால் இந்த வாக்கியம் பொய்யா?

பொய்தான் என்பது 1905-இல் தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் காட்டிய வழி. அவர் வாக்கியத்தை மூன்றாகப் பிரிப்பார்: அப்படி ஒருவர் இருக்கிறார், ஒருவர் மட்டுமே இருக்கிறார், அவருக்கு வழுக்கை. முதல் கூறே தவறு. சரி, முழுதும் பொய். "வழுக்கை இல்லை" என்று மறுத்தால்கூட, மறுப்பது ஆளையா வழுக்கையையா என்று பிரித்துக் கேட்கலாம். இந்தத் துல்லியம் எனக்குப் பிடிக்கும்.

1950-இல் இன்னொரு தத்துவவாதி, பீட்டர் ஸ்ட்ராசன், இதை ஏற்கவில்லை. ஆள் இருப்பது வாக்கியம் சொல்லும் செய்தி அல்ல, முன்னரே எடுத்துக்கொண்டது. ஆளே இல்லையென்றால் மெய்யா பொய்யா என்ற கேள்வியே எழாது. பாம்பன் டீக்கடையில் சொல்லிப் பாருங்கள். "பொய்" என்று யாரும் சொல்லமாட்டார்கள். "அங்க ஏதுண்ணே ஸ்டேஷன்?" என்பார்கள்.