‘அட்வான்ஸ் ரேட்’ ரயில் டிக்கெட் என்று யாராவது சொன்னால் பணம் கொடுக்காதீர்கள்

காசி, கயா, ஷீரடி என்று தூரப் பயணத்துக்கு ஏற்பாடு செய்துகொண்டிருப்பவர்கள், முக்கியமாக வயதான பெற்றோரை அனுப்பி வைக்கப்போகிறவர்கள், தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். “ரெண்டு மாசம் முன்னாடியே பணத்தைக் கட்டிடுங்க, அட்வான்ஸ் ரேட்ல போட்டுத் தர்றேன்” என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். சாதாரண மெயில், எக்ஸ்பிரஸ் ரயில்களில் அட்வான்ஸ் ரேட் என்று எதுவும் கிடையாது. இல்லாத அந்த ஒன்றைச் சொல்லித்தான் என் அம்மாவிடமும் அவரோடு கிளம்பிய ஏழு பேரிடமும் ஒருவர் பணத்தைப் பறித்தார்.

அப்பாவுக்குக் கயாவில் பிண்டம் வைக்க வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. சித்தி, பக்கத்து வீட்டுத் தம்பதி, அம்மாவோடு கோவிலுக்குப் போகும் சிலர் என்று செங்கல்பட்டில் ஒரு குழு சேர்ந்தது. ஒருவர் தவிர எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். சென்னை சென்ட்ரலில் கங்கா காவேரி எக்ஸ்பிரஸ் ஏறி வாரணாசியில் இறங்குவது, காசியிலிருந்து கயாவுக்கு வேன் என்று திட்டம். டிக்கெட் வேலையைக் கடைத்தெருவில் ஜெராக்ஸ், ரீசார்ஜ், டிக்கெட் எல்லாம் பார்க்கும் ஒரு கடைக்காரரிடம் கொடுத்தார்கள். பல வருடம் பழகிய கடை. அவர் அம்மாவை ‘பெரியம்மா’ என்றுதான் கூப்பிடுவார்.

த்ரீ டயர் ஏசிக்கு அவர் சொன்ன விலை, உண்மையான கட்டணத்தைவிடத் தலைக்குச் சுமார் 300 ரூபாய் குறைவு. எப்படி என்று சித்தி கேட்டிருக்கிறார். “சீனியர் சிட்டிசன் தள்ளுபடி இருக்கு, குரூப் கோட்டா இருக்கு, முன்கூட்டியே போடறதால அட்வான்ஸ் ரேட்டும் இருக்கு பெரியம்மா” என்று பதில் வந்தது. விமானத்துக்கும் ஆம்னி பஸ்ஸுக்கும் முன்னாலேயே எடுத்தால் விலை குறைவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதனால் ரயிலுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைப்பது இயல்பு. அந்த நினைப்பை வைத்துத்தான் இவர்கள் பிழைக்கிறார்கள்.

அவர் சொன்ன மூன்றும் பொய். மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. அதற்கு முன் ஆண்களுக்கு 40 சதவீதமும் பெண்களுக்கு 50 சதவீதமும் குறைத்தார்கள். அந்த நினைவு பெரியவர்கள் மனதில் இன்னும் இருக்கிறது, அதைக் கடைக்காரர் நன்றாகவே அறிந்திருந்தார். எட்டுப் பேருக்கு விலையைக் குறைத்துக் கொடுக்கும் ‘குரூப் கோட்டா’ எதுவும் அவர் கையில் இல்லை. முன்பதிவு திறக்கும் முதல் நாள் எடுத்தாலும் கிளம்புவதற்கு நான்கு நாள் முன்பு எடுத்தாலும் ஒரே ரயிலில், ஒரே வகுப்புக்கு அதே கட்டணம்தான். தட்கலில் எடுத்தால் அதற்கு மேல் கூடுதலாகக் கட்ட வேண்டும், அவ்வளவுதான். முன்னாலேயே எடுத்தால் உண்மையிலேயே விலை குறைவது ராஜதானி, துரந்தோ, சதாப்தி ரயில்களில்தான். 2016 செப்டம்பரிலிருந்து அவற்றில் ஒவ்வொரு 10 சதவீத இடமும் விற்றுத் தீரத் தீர, அடிப்படைக் கட்டணம் 10 சதவீதமாக ஏறும். முதலில் ஒன்றரை மடங்காக இருந்த உச்சவரம்பைப் பிறகு 1.4 மடங்காகக் குறைத்தார்கள். அங்கேயும் குறைந்த விலை எல்லோருக்கும் ஒன்றுதான், ஏஜென்டுக்குத் தனி விலை கிடையாது.

பணம் கொடுத்துப் பல வாரங்கள் கழித்து இரண்டு டிக்கெட்டுகளை அச்சடித்துக் கொடுத்தார். ஒரு டிக்கெட்டில் ஆறு பேருக்கு மேல் போட முடியாது என்பதால் இரண்டு. பி2 பெட்டி, எட்டு பெர்த் எண்கள், ‘கன்ஃபர்ம்’ என்று தெளிவாக இருந்தது. கட்டணம் என்ற இடத்தில் முழுத் தொகை அச்சாகியிருக்க, இவர்கள் கொடுத்ததோ அதைவிடக் குறைவு. லாபம் என்றே எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள்.

வழியனுப்ப நானும் போயிருந்தேன். பார்க் ஸ்டேஷனில் இறங்கி, சாமான்களோடு சென்ட்ரலுக்குள் போய், பெட்டியைக் கண்டுபிடித்து எல்லோரையும் உட்கார வைத்தாயிற்று. சித்தி கட்டிக்கொண்டு வந்த புளியோதரையை எங்கே வைப்பது என்று பேச்சு. அப்போது ஒரு குடும்பம் வந்து, “இது எங்க பெர்த்” என்றது. அவர்கள் கையிலும் அதே எண்கள். டிக்கெட் பரிசோதகர் (டிடிஇ) வந்து தன் கையிலிருந்த டேப்லெட்டில் பார்த்தார். “உங்க எட்டுப் பேர்ல ஒருத்தர் பேர்கூட சார்ட்ல இல்லம்மா” என்றார். பி.என்.ஆர். எண்ணை நான் போனில் போட்டுப் பார்த்தேன். எண் உண்மையானது. பெயர்களும் இவர்களுடையவைதான். ஆனால் வெயிட்டிங் லிஸ்ட், இரண்டு டிக்கெட்டுமே.

அந்த டிடிஇ பொறுமையாக விளக்கினார், அவருக்கு நன்றி. இந்த மோசடி நடக்கும் விதம் இதுதான். ஏஜென்ட் உங்களிடம் பணம் வாங்கியதும் டிக்கெட் எடுப்பதில்லை. அந்தப் பணத்தை வாரக்கணக்கில் தன் வேலைக்குச் சுழற்றுகிறார். கடைசியில் வெயிட்டிங் லிஸ்ட்டில் ஒரு டிக்கெட் எடுத்து, அந்த பிடிஎஃப் கோப்பில் ‘வெயிட்டிங்’ என்பதை ‘கன்ஃபர்ம்’ என்று திருத்திப் பெட்டி, பெர்த் எண்களைத் தானே போட்டு அச்சடிக்கிறார். சார்ட், அதாவது பயணிகள் பட்டியல், தயாரானதும், முழுக்க வெயிட்டிங்கில் இருக்கும் இ-டிக்கெட் தானாகவே ரத்தாகிவிடும். சிறு பிடித்தம் போக மீதிப் பணம் டிக்கெட் எடுத்த கணக்குக்கே திரும்பும். உங்கள் கணக்குக்கு அல்ல, அவர் கணக்குக்கு. நீங்கள் கொடுத்த பணம் அப்படியே அவருக்கு லாபம். நீங்கள் ரயிலில் ஏறினால் டிக்கெட் இல்லாத பயணி.

அம்மா பெட்டியிலிருந்து இறங்கும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. கூட வந்தவர்களிடம் “என்னாலதான்” என்று திரும்பத் திரும்பச் சொன்னது வீட்டுக்கு வந்த பிறகுதான். எழுபது வயதை நெருங்கும் ஒருவரை இப்படிப் பேச வைத்தவர்மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. பணம் போனது ஒரு பக்கம். நாள் பார்த்து, கயாவில் வாத்தியாரிடம் சொல்லி, காசியில் தங்க இடம் பிடித்து, எல்லாம் வீணானது.

அந்தக் காகிதங்களை நிதானமாகப் பார்த்தபோது மோசடியின் தடயங்கள் எல்லாம் அதிலேயே இருந்தன. உங்கள் கையில் இப்போது ஏஜென்ட் கொடுத்த டிக்கெட் இருந்தால் எடுத்து வைத்துக்கொண்டு பாருங்கள். டிக்கெட் பதிவான தேதி அதில் இருக்கும். எங்கள் டிக்கெட்டில் அது பணம் கொடுத்த தேதிக்கு வெகுநாள் பிந்தியது. அடுத்தது, அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் எடுத்த டிக்கெட்டில் அந்த ஏஜென்சியின் விவரம் அச்சாகும். எங்களுடையதில் அது இல்லை. மாறாக, இது தனிநபர் கணக்கில் எடுத்த டிக்கெட், இதை விற்பதும் வாங்குவதும் 1989 ரயில்வே சட்டத்தின் 143ஆம் பிரிவில் குற்றம் என்று சின்ன எழுத்தில் இருந்தது. அந்த வரியை அழிக்கக்கூட அவர் மெனக்கெடவில்லை. அந்தப் பிரிவின்படி மூன்று வருடம் வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியம், டிக்கெட்டில் யாருடைய மொபைல் எண் என்பது. அவர் தன் எண்ணைக் கொடுத்திருந்தார். வெயிட்டிங் லிஸ்ட் செய்தி, சார்ட் செய்தி எல்லாம் அவருக்கே போயின. அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் மூலம் எடுத்த டிக்கெட் ரத்தானால், பயணியின் எண்ணுக்கு ஓடிபி அனுப்பி, அதை அவர் ஏஜென்டிடம் சொன்ன பிறகே பணத்தைத் திருப்பும் முறை 2019இலிருந்து இருக்கிறது. எண்ணே ஏஜென்டுடையது என்றால் அந்தப் பாதுகாப்பும் உங்களுக்கு உதவாது. ஆகவே டிக்கெட் போடும்போதே உங்கள் எண்ணைக் கொடுக்கச் சொல்லுங்கள். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். பி.என்.ஆரை நீங்களே பாருங்கள். இணையம் பழக்கமில்லாத பெரியவர்கள் ரயில்வே உதவி எண் 139க்குப் போன் செய்தாலே நிலவரம் தெரியும். ஒரு தடவை பார்த்ததோடு விடாமல் கிளம்புவதற்கு முந்தின நாளும் பாருங்கள். உண்மையாகவே கன்ஃபர்ம் ஆன டிக்கெட்டைக் கையில் கொடுத்துவிட்டு, பிறகு ரத்து செய்து பணத்தை எடுத்துக்கொள்ளும் ஏஜென்டுகளும் உண்டு.

கடைக்காரரிடம் மறுநாள் போனோம். முதலில் “சிஸ்டம்ல ஏதோ எரர்” என்றார். அப்புறம் ரீஃபண்ட் வர ஒரு வாரம் ஆகும் என்றார். அந்த ஒரு வாரம் முடியவே இல்லை. ரயில்வே பாதுகாப்புப் படையிடம் 143ஆம் பிரிவைச் சொல்லிப் புகார் கொடுத்தோம். காவல் நிலையத்தில் மோசடிக்கும் போலி ஆவணத்துக்கும் தனிப் புகார். அதன் பிறகுதான் பாதிப் பணம் வந்தது. மீதி இன்னும் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஜிபேயில் அனுப்பியிருந்தது எங்களுக்குப் பெரிய உதவி. ரொக்கமாகக் கொடுத்தவர்களுக்குக் காட்ட எந்தச் சான்றும் இல்லை. ஆன்லைனில் பணம் அனுப்பி ஏமாந்தவர்கள் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தை வழியில் தடுத்து நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.

சரி, செலவைக் குறைக்க நேர்மையான வழி என்ன என்று கேட்டால், சிலது இருக்கிறது. 2024 நவம்பர் முதல் தேதியிலிருந்து 60 நாள் முன்புதான் முன்பதிவு திறக்கிறது, முன்பு 120 நாள் இருந்தது. இன்னும் பழைய கணக்கில் நான்கு மாதம் முன்பே பணம் கேட்கிறவரை அப்போதே சந்தேகப்படுங்கள். காலை எட்டு மணிக்குத் திறந்ததும் எடுத்துவிட்டால் தட்கல் கட்டணம் மிச்சம், அது ஒன்றே பெரிய தொகை. 2025 அக்டோபரில் திறக்கும் முதல் 15 நிமிடத்தை ஆதார் சரிபார்த்த ஐ.ஆர்.சி.டி.சி. கணக்குகளுக்கு ஒதுக்கினார்கள். அதனால் வீட்டில் ஒருவர் கணக்கையாவது ஆதாரோடு இணைத்து வையுங்கள். இணையத்தில் யுபிஐ மூலம் கட்டினால் சேவைக் கட்டணம் டிக்கெட்டுக்கு ஏசியில் 20, ஏசி இல்லாததில் 10 ரூபாய், ஜிஎஸ்டி தனி. கார்டில் கட்டினால் 30, 15. ஸ்டேஷன் கவுன்டரில் அதுவும் இல்லை. ஏஜென்டிடம்தான் போக வேண்டும் என்றால், அங்கீகாரம் உள்ளவர் ஸ்லீப்பருக்கு 20, ஏசிக்கு 40 ரூபாய்தான் கூடுதலாக வாங்கலாம். எகானமி த்ரீ டயர் ஏசி பெட்டி இருக்கும் ரயில்களில் அதன் கட்டணம் சாதாரண த்ரீ டயரைவிடக் கொஞ்சம் குறைவு.

கட்டணச் சலுகை போனாலும், 60 வயது தாண்டிய ஆண்களுக்கும் 45 தாண்டிய பெண்களுக்கும் லோயர் பெர்த் கோட்டா இன்னும் இருக்கிறது. ஆனால் அது தனியாகவோ இரண்டு பேராகவோ டிக்கெட் போட்டால்தான் கிடைக்கும். ஆறு பெரியவர்களை ஒரே டிக்கெட்டில் போட்டால் அந்தக் கோட்டாவில் எடுக்க முடியாது. குழுவாகப் போகிறவர்கள் இரண்டிரண்டு பேராகப் பிரித்துப் போடுங்கள். ஏணி ஏற முடியாதவர்களுக்கு இது பணத்தைவிட முக்கியம்.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் இதே போல ‘அட்வான்ஸ் ரேட்’டில் காசி டிக்கெட் வாங்கி வைத்திருப்பவர்கள் இருந்தால், பயண நாள் வரை காத்திருக்காமல் இன்றே பி.என்.ஆரைப் பாருங்கள். வெயிட்டிங் என்று வந்தால் கடைக்குப் போய்ச் சண்டை போடுவதற்கு முன் அந்தக் காகிதத்தையும் பணம் கொடுத்த விவரத்தையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அசல் டிக்கெட்டை எந்தக் காரணத்துக்காகவும் அவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டாம். “குடுங்க, மாத்தித் தர்றேன்” என்று எங்களிடமும் கேட்டார்.