அமெரிக்க ரிசர்வ் வீரர்களுக்கான இ.எஸ்.ஜி.ஆர். சேவை: சான்றிதழை விட தொலைபேசி மேல்

அமெரிக்காவின் பகுதிநேர ராணுவப் படைகளான நேஷனல் கார்டிலோ ரிசர்விலோ இருப்பவருக்கு மாதம் ஒரு வார இறுதி, ஆண்டுக்கு இரண்டு வாரம் பயிற்சி என்பதுதான் வழக்கமான கணக்கு. வெளிநாட்டுப் பணிக்கு ஆணை வந்துவிட்டால் அதுவே ஓராண்டாக நீளும். அப்போது அவருடைய சிவில் வேலையைக் காப்பது 1994-ல் வந்த யூசெர்ரா (USERRA) என்ற வேலை உரிமைச் சட்டம். அந்தச் சட்டத்தை வீரர், முதலாளி என இரு தரப்புக்கும் விளக்கி, தகராறு வந்தால் நடுவில் நின்று பேசுகிறது இ.எஸ்.ஜி.ஆர். (ESGR) என்ற அமைப்பு. பாதுகாப்புத் துறை 1972-ல் தொடங்கிய அலுவலகம் இது. கட்டணம் கிடையாது. மாநிலத்துக்கு ஒரு குழு உண்டு; வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள்.

வெளியில் அதிகம் தெரிவது ஆதரவு உறுதிமொழிப் பத்திரம். ஆளுநரும் மேயரும் நிறுவனத் தலைவரும் கேமரா முன் கையெழுத்திடுவார்கள். அதில் எழுதியிருப்பதைப் படித்தால், சட்டத்தை மதித்து நடப்போம் என்பதுதான் சாரம். சட்டம் எப்படியும் அவர்களைக் கட்டுப்படுத்துகிறது. பத்திரத்தால் வீரருக்குப் புதிய உரிமை எதுவும் பிறப்பதில்லை. மேலதிகாரியை வீரரே பரிந்துரைக்கும் பேட்ரியட் விருது இதைவிடப் பயனுள்ளது. டிரில் எனும் வார இறுதிப் பயிற்சிக்காக ஷிப்டை மாற்றிக் கொடுத்த சூப்பர்வைசருக்கு அது உண்மையான நன்றி. அடுத்த முறையும் அவர் மனம் வைப்பார்.

இந்தச் சேவையின் உயிர்நாடி ஓம்புட்ஸ்மேன், அதாவது இரு தரப்புக்கும் இடையே சமரசம் பேசுபவர். அழைப்பு வந்ததும் வழக்கை எடுத்து, எச்.ஆருடன் பேசி, சுமார் 14 நாளுக்குள் முடிக்கப் பார்ப்பார். பல நிறுவனங்கள் வேண்டுமென்று சட்டத்தை மீறுவதில்லை, தெரியாமல்தான் மீறுகின்றன. "உங்கள் இடத்தில் வேறு ஆள் போட்டாகிவிட்டது" என்பார்கள். ஆள் போட்டது மட்டுமே சட்டப்படி காரணமாகாது. "விடுப்பு நாளில் கழித்துக்கொள்கிறோம்" என்பார்கள். வீரர் விரும்பினால் கழிக்கலாம், நிறுவனம் வற்புறுத்தக் கூடாது. இத்தகைய சிக்கல்கள் ஒரே தொலைபேசி உரையாடலில் தீரக்கூடியவை. அங்கே இந்தச் சேவைக்கு முழு மதிப்பெண் தரலாம்.

சிக்குவது பதவி உயர்வில். திரும்பி வருபவருக்குப் பழைய நாற்காலியைக் கொடுத்தால் போதாது. போகாமல் இருந்திருந்தால் நியாயமான உறுதியோடு எந்த நிலைக்கு வந்திருப்பாரோ அந்த இடம், அந்தச் சம்பளம், அந்த சீனியாரிட்டி தர வேண்டும். அவர் இல்லாதபோது அதே படியில் இருந்தவர்களுக்கெல்லாம் சீனியாரிட்டிப்படி சம்பளம் ஏறியிருந்தால், அவருக்கும் ஏற வேண்டும். திறமை பார்த்துத் தரும் உயர்வு என்றால் நிரூபிப்பது கடினம். கிளம்புமுன் கடைசி மதிப்பீட்டு அறிக்கை, சம்பளச் சீட்டு, சம்பளப் படிநிலை அட்டவணை ஆகியவற்றின் நகலை எடுத்து வீட்டில் வைப்பது இதற்காகத்தான்.

பலர் கோட்டை விடுவது கெடுவில். 31 நாளுக்குக் குறைவான பணி என்றால், வீடு சேர்ந்து 8 மணி நேர ஓய்வுக்குப் பின் வரும் முதல் முழு வேலை நாளிலேயே ஆஜராக வேண்டும். 31 முதல் 180 நாள் வரை என்றால் 14 நாளுக்குள், அதற்கு மேல் என்றால் 90 நாளுக்குள் வேலை கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். போகும் தகவலை வாயால் சொன்னாலும் சட்டம் ஏற்கும். ஆனாலும் மின்னஞ்சல் அனுப்பி, அதன் நகலைச் சொந்த முகவரிக்கும் போட்டு வையுங்கள். வேலை போனால் அலுவலகக் கணக்கும் சேர்ந்தே பூட்டப்படும். ஒரே முதலாளியிடமிருந்து ராணுவப் பணிக்காக விலகியிருக்கும் காலத்துக்கு மொத்தம் 5 ஆண்டு என்ற வரம்பு உண்டு. வழக்கமான டிரில்லும் ஆண்டுப் பயிற்சியும் அதில் சேராது.

குறை என்னவென்றால், ஓம்புட்ஸ்மேனுக்கு அதிகாரம் கிடையாது. அவர் நடுநிலையாளர், உங்கள் வக்கீல் அல்ல. முதலாளி முடியாது என்றால் அத்தோடு அவர் வேலை முடிந்தது. பிறகு இத்தகைய புகார்களை விசாரிக்கும், தொழிலாளர் துறையின் வெட்ஸ் (VETS) பிரிவில் 1010 படிவம் கொடுத்து, விசாரணை முடியும் வரை காத்திருக்க வேண்டும். அல்லது நேரே வழக்குப் போட வேண்டும். ராஜினாமாவிலோ செட்டில்மென்ட் தாளிலோ கையெழுத்திட்ட பிறகு இவர்களை அழைப்பவருக்குச் சமரசம் பேச இடம் குறைந்துவிடும். கையெழுத்துக்கு முன் அழையுங்கள்.

மாநில அரசில் வேலை பார்ப்பவருக்கு 2022 வரை வழக்கு வழியும் சந்தேகமாகவே இருந்தது. ஈராக் சென்று நுரையீரல் பாதித்துத் திரும்பிய லெ ராய் டாரஸ், டெக்சாஸ் காவல் துறை மீது தொடுத்த வழக்கில், மாநிலம் தன் ஒப்புதலின்றித் தன் மீது வழக்குப் போட முடியாது என்ற இறையாண்மைக் காப்பைக் காட்டித் தப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் 5-4 எனத் தீர்ப்பளித்த பிறகே வழி திறந்தது.

தனியார் துறையில் இன்னும் ஓர் ஓட்டை இருக்கிறது. வேலைக்குச் சேரும்போது வைக்கும் ஒப்பந்தத்தில் கட்டாய ஆர்பிட்ரேஷன் பிரிவு (தகராறைத் தனியார் நடுவரிடமே தீர்க்க வேண்டும் என்பது) இருந்தால், யூசெர்ரா வழக்கும் நீதிமன்றத்துக்குப் பதில் அங்கே போகலாம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. பத்திரத்தில் கையெழுத்திடும் அரசியல்வாதிகளிடம் வீரர்களும் குடும்பங்களும் கேட்க வேண்டியது இதை அடைக்கும் திருத்தத்தைத்தான். அது வரும் வரை, ஆஃபர் லெட்டரோடு வரும் தாள்களில் அந்தப் பிரிவு இருக்கிறதா, விலகிக்கொள்ள அவகாசம் தந்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.