கம்பி லீடருக்கு எந்தக் கட்டு: ஹேவயர் முறுக்கா, எட்டு முடிச்சா, கிரிம்ப்பா?

சீலா, வஞ்சிரம் மாதிரிக் கத்திப் பல் மீன்களுக்குத் தூண்டில் போடும்போது நைலான் நரம்பை மட்டும் நம்பி இறங்க முடியாது. முள்ளுக்கு முன்னால் ஒரு சாண் கம்பியாவது வேண்டும், அதைத்தான் லீடர் என்கிறோம். எந்தக் கம்பி நல்லது என்று மணிக்கணக்கில் பேசுகிறோம். ஆனால் மீன் தப்பிப்போவது பெரும்பாலும் கம்பி நடுவில் அறுந்து அல்ல, கட்டிய இடம் விட்டுக்கொடுத்துத்தான்.

நரம்பில் போடும் கிளிஞ்ச் முடிச்சைக் கம்பியில் போட்டால் ஏன் நிற்பதில்லை? நைலான் இழுக்க இழுக்க நசுங்கித் தன்னையே கவ்விக்கொள்ளும். எஃகு நசுங்காது. இறுக்கினால் கூர்மையாக மடியும், பாரம் முழுதும் அந்த மடிப்பில் இறங்கி அங்கேயே முறியும். எனவே எந்த முடிச்சு பலமானது என்று பொதுவாகக் கேட்பதில் அர்த்தமில்லை. கையில் இருப்பது ஒற்றை இழையா, 7 இழையா, 49 இழையா என்று முதலில் பாருங்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

ஒற்றை இழைக்கு ஹேவயர் முறுக்குதான். இதில் நான் சமரசம் செய்துகொள்வதில்லை. ஒரே பருமனுக்கு மற்றக் கம்பிகளைவிட இதுதான் அதிக பாரம் தாங்கும். 4-ஆம் எண் கம்பி சுமார் 0.33 மி.மீ. தடிமன்தான், ஆனால் 17 கிலோ அளவுக்குத் தாங்கும். அந்தப் பலத்தை ஏறக்குறைய முழுசாகக் காப்பாற்றும் கட்டு ஹேவயர். முள்ளின் கண்ணில் கம்பியைக் கோத்துச் சின்ன வளையம் விட்டு, இரண்டு கால்களையும் பெருக்கல் குறி மாதிரி அகல விரித்துப் பிடிக்க வேண்டும். பிறகு இரண்டு கால்களும் ஒன்றையொன்று சுற்றும்படி குறைந்தது மூன்றரை முறுக்கு. சூட்சுமம் முழுதும் இங்கேதான். ஒரு கால் விறைப்பாக நிற்க, மற்றது அதன்மேல் கொடி மாதிரி படர்ந்தால் அது ஹேவயரே இல்லை. பாரம் விழுந்ததும் சுருள் வழுக்கி அவிழ்ந்துவிடும். விரல் வலித்தாலும் இரண்டு கால்களுக்கும் சம அழுத்தம் கொடுத்தே ஆக வேண்டும்.

அதன்பின் வால் முனையை (மிச்சமிருக்கும் குட்டை முனை) மெயின் கம்பிக்குச் செங்குத்தாகத் திருப்பி, இடைவெளி இல்லாமல் நான்கைந்து பேரல் சுற்றுகள் போடுங்கள். முறுக்கு பின்வாங்காமல் பிடித்து நிறுத்துவது இவைதான். மிச்சத்தைக் கட்டரால் வெட்டவே கூடாது. வெட்டிய நுனி ஊசியாக நின்று கையைக் கிழிக்கும். வாலைக் கைப்பிடி மாதிரி மடக்கி முன்னும் பின்னும் ஆட்டினால் சுற்றை ஒட்டியே சுத்தமாக ஒடியும்.

ஒற்றை இழைக்கு ஒரே குறை நெளிவு. மீன் புரண்டு கம்பியில் ஒரு மடிப்பு விழுந்தால், நிமிர்த்தித் திரும்பப் போடாதீர்கள். நிமிர்ந்த மாதிரி தெரியும், பலம் திரும்பி வராது. கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாக முறுக்குங்கள்.

மெல்லிய 7 இழைக் கம்பிக்கு, முக்கியமாக நைலான் பூச்சு உள்ளதற்கு, எட்டு முடிச்சு வசதி. வால் முனையைக் கண்ணில் கோத்து, மெயின் கம்பியைப் பின்னால் சுற்றி வந்து, கண்ணை ஒட்டிய வளையத்துக்குள் திரும்ப நுழைத்தால் முடிந்தது. அலையில் ஆடும் படகிலும் நொடியில் போடலாம். பிளையரால் வாலைப் பிடித்து இழுத்து இறுக்குங்கள். மெயின் கம்பியை இழுத்து இறுக்கினால் லீடர் சுருண்டுவிடும். பலத்தில் இது ஹேவயருக்குக் கீழேதான். 20, 30 பவுண்டு கம்பிக்குப் போதும், அதற்கு மேல் நான் இதைச் சிபாரிசு செய்யமாட்டேன். பூச்சுக் கம்பியை முறுக்கி லைட்டரால் உருக்கி ஒட்டும் வழக்கமும் உண்டு. சின்ன மீனுக்குச் சரி. சுடர் ஒரு கணம் கூடுதலாகப் பட்டால் பூச்சு எரிந்துவிடும், உள்ளே இருக்கும் எஃகும் பதம் கெடும். பெரிய மீனை எதிர்பார்க்கும் நாளில் இதை நம்பாதீர்கள்.

கனமான கம்பி, அதிலும் 49 இழை என்றால் முடிச்சை மறந்துவிடுங்கள், கிரிம்ப்தான்: ஸ்லீவ் என்ற சின்ன உலோகக் குழாய்க்குள் கம்பியைக் கோத்து நசுக்கிப் பிடிக்க வைப்பது. கம்பியின் தடிமனுக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்லீவ், அதற்கென்றே உள்ள கிரிம்பிங் பிளையர், இரண்டும் கட்டாயம். சாதாரணக் குறடால் நசுக்கினால் ஸ்லீவ் பிடிக்காது, அல்லது இழைகளை வெட்டிவிடும். ஸ்லீவின் இரு ஓரங்களையும் நசுக்காமல் கொஞ்சம் விடுங்கள். ஓரம் இறுகினால் அங்கேயே கம்பி அறுபடும். துருப்பிடிக்காத எஃகுக் கம்பிக்குச் செம்பு ஸ்லீவ் போடுங்கள். அலுமினியம் உப்புநீரில் எஃகோடு ஒட்டி இருந்தால் சீக்கிரம் அரித்துப்போகும். கண்ணில் வாலை இரண்டு முறை சுற்றி, அந்த வளையத்துக்குள் நுழைத்துவிட்டுக் கிரிம்ப் செய்தால் பிடி இன்னும் உறுதி. வேலை ஒழுங்காக நடந்தால் இதன் பலம் ஹேவயருக்குச் சளைத்ததல்ல. ஆனால் கருவி கரையில் இருந்துவிட்டால் கடலில் கை கட்டிய மாதிரிதான். அதனால் இவ்வகை லீடர்களை வீட்டிலேயே கட்டி எடுத்துப் போவது நல்லது.

கம்பியின் மறுமுனையை நரம்போடு சேர்ப்பதற்கு ஆல்பிரைட் முடிச்சும் சுவிவலும் (இரு முனையும் தனித்தனியே சுழலும் இணைப்பு) போட்டியாளர்கள். கம்பியை ஊசி வளைவாக மடக்கி, நரம்பை அதனுள் நுழைத்துப் பத்துப் பன்னிரண்டு சுற்று போட்டு, வந்த வழியே வெளியே எடுப்பது ஆல்பிரைட். கோலின் வளையங்களுக்குள் அது தடையில்லாமல் போகும்; சுவிவல் போகாது. எனவே லீடர் நீளமென்றால் ஆல்பிரைட். ஒரு சாண், இரண்டு சாண் கம்பி போதும், ஸ்பூனும் (கரண்டி வடிவ உலோகப் போலி இரை) சுழன்றுகொண்டே வருகிறது என்றால் சின்ன சுவிவலைப் போட்டு, கம்பிப் பக்கம் ஹேவயரும் நரம்புப் பக்கம் உங்களுக்குக் கைவந்த முடிச்சும் போடுங்கள்.