ப்ளூ டிரெய்ன்: மோனோ வாங்கலாமா, ஸ்டீரியோவா?

ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் ‘ப்ளூ டிரெய்ன்’ ஆல்பத்தைப் புதிய இசைத்தட்டாக வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு பதிப்புகளுக்கு நடுவில்தான் தடுமாறுகிறார்கள். இரண்டுமே 2022 செப்டம்பரில் ப்ளூ நோட் இசைத்தட்டு நிறுவனத்தின் டோன் போயட் என்ற மறுவெளியீட்டு வரிசையில் வந்தவை. ஒன்று, மோனோவில் (எல்லா ஒலியும் ஒரே தடத்தில்) ஒற்றைத் தட்டு. இன்னொன்று, ‘தி கம்ப்ளீட் மாஸ்டர்ஸ்’ என்ற பெயரில் ஸ்டீரியோவில் (இடம், வலம் என இரண்டு தடங்களில்) இரட்டைத் தட்டு. நான் வாங்கியது மோனோ. இரட்டைத் தட்டை நண்பரிடம் இரவல் வாங்கி, ஒரே டர்ன்டேபிளில் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்ட பிறகும் என் ஓட்டு மோனோவுக்குத்தான்.

பொதுவான விஷயங்களைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். இரண்டும் அசல் டேப்பிலிருந்து மாஸ்டரிங் பொறியாளர் கெவின் கிரே பள்ளம் வெட்டியவை, நடுவில் டிஜிட்டல் கிடையாது. தயாரிப்பு மேற்பார்வை ஜோ ஹார்லி. 180 கிராம் தட்டு, கெட்டியான அட்டையில் விரித்துப் பார்க்கும் உறை. தயாரிப்புத் தரத்தில் ஒன்றை உயர்த்தி இன்னொன்றைத் தாழ்த்த வழியில்லை.

வித்தியாசம் 1957 செப்டம்பர் 15 அன்று நடந்த ஒலிப்பதிவிலேயே தொடங்குகிறது. இடம், நியூஜெர்சியின் ஹாக்கன்சாக்கில் ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டரின் பெற்றோர் வீட்டு வரவேற்பறை. அதைத்தான் அவர் ஸ்டுடியோவாக மாற்றி வைத்திருந்தார். அப்போது கடைகளில் ஸ்டீரியோ எல்.பி. என்ற சரக்கே கிடையாது. வான் கெல்டர் அந்த ஆண்டுதான் மோனோவோடு சேர்த்து இரண்டு தடங்களில் ஸ்டீரியோவையும் தனி டேப்பில் பிடித்துவைக்கத் தொடங்கியிருந்தார். ஆனால் அவரும் தயாரிப்பாளர் ஆல்ஃப்ரெட் லயனும் வேலை செய்யும்போது கேட்டது ஒற்றை ஸ்பீக்கரில். எந்தக் கருவி எவ்வளவு முன்னால் நிற்க வேண்டும், டிரம்ஸ் எவ்வளவு அடங்க வேண்டும் என்ற தீர்ப்பெல்லாம் மோனோவைக் கேட்டுச் சொன்ன தீர்ப்பு. ஸ்டீரியோ டேப் பக்கத்தில் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

இது ஏதோ வரலாற்றுத் துணுக்கு என்று ஒதுக்கிவிட முடியாது, காதுக்கே தெரிகிறது. முதல் பாட்டின் தொடக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கோல்ட்ரேனின் டெனர் சாக்ஸ், லீ மார்கனின் டிரம்பெட், கர்ட்டிஸ் ஃபுல்லரின் டிரோம்போன் மூன்றும் சேர்ந்து அந்த மெட்டை வைக்க, பியானோவும் மற்றவர்களும் பதில் சொல்கிறார்கள். மோனோவில் அந்த மூன்றும் ஒரே இடத்திலிருந்து, ஒரே கனத்த குரலாக வருகின்றன. டிரோம்போன் அடியில் தாங்குவது நெஞ்சில் படுகிறது. ஸ்டீரியோவில் கருவிகள் இடம் வலமாகப் பிரிந்து நிற்க, நடுப்பகுதி மெலிந்துவிடுகிறது. அறைக்கு நடுவே சுவர் எழுப்பிவிட்டு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உட்கார்ந்து வாசிப்பது மாதிரி. டிரம்ஸ் வாசிக்கும் ஃபில்லி ஜோ ஜோன்ஸின் சிம்பலைத் தனியாகப் பிரித்துக் கேட்க அது வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் ஹார்ட் பாப் என்ற இந்த ஜாஸ் பாணியில் டிரம்ஸ் தனியாகக் கேட்பதற்கு இல்லை, ஊதுபவரைப் பின்னாலிருந்து தள்ளுவதற்கு. அந்தத் தள்ளு மோனோவில்தான் கிடைக்கிறது.

மெதுவான பாட்டான ‘ஐம் ஓல்ட் ஃபேஷன்ட்’ மட்டும் இதற்கு விலக்கு. அதில் ஸ்டீரியோவின் காற்றோட்டம் எனக்கும் பிடித்திருந்தது.

மோனோ தட்டு என்றால் அதற்கென்று தனி கார்ட்ரிட்ஜ் (முள் பொருந்திய பாகம்) வேண்டுமா என்று பலர் தயங்குகிறார்கள். வேண்டியதில்லை. அறுபது ஆண்டுக்கு முந்தைய தட்டுகளின் பள்ளம் அகலமானது, அங்கே அந்தக் கேள்வி நியாயம். புதிய வெட்டுகளில் சாதாரண ஸ்டீரியோ முள்ளே சரியாக உட்காரும். ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்திவிடுங்கள். இரண்டு பக்கமும் ஒன்றாகும்போது, முள் மேலும் கீழுமாக ஆடுவதால் வரும் தூசி இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், படபட சத்தம் கண்கூடாகக் குறையும்.

சரி, இரட்டைத் தட்டை யார் வாங்கலாம்? அதன் பலம் ஒலியில் இல்லை, இரண்டாவது தட்டில் இருக்கிறது. மாற்று டேக்குகள் (அதே பாட்டை வேறு முறை வாசித்துப் பதிந்தவை), பாதியில் நின்றுபோனவை என ஏழு பதிவுகள். தலைப்புப் பாட்டில் நாம் இத்தனை காலம் கேட்டுவந்தது 9ஆவது டேக், ஆனால் அதிலுள்ள கென்னி ட்ரூவின் பியானோ தனிவாசிப்பை 8ஆவது டேக்கிலிருந்து வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். அந்த 8ஆவது டேக்கும் இதில் முழுசாக இருப்பதால், ஒட்டுப்போட்ட துண்டு எங்கிருந்து வந்தது என்று நீங்களே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அன்று 19 வயதான லீ மார்கன் ஒரு டேக்குக்கும் அடுத்ததற்கும் என்னென்ன மாற்றுகிறார் என்று கவனிப்பதும் சுவாரசியம். கூடவே ஃபிரான்சிஸ் வுல்ஃப் எடுத்த படங்களும் ஆஷ்லி கான் கட்டுரையும் உள்ள சிறு நூல். ஆல்பம் மனப்பாடம் ஆகிவிட்டவர்களுக்கு இது விருந்து. எனக்கென்னவோ, ஒரே பாட்டை அடுத்தடுத்து வேறு வேறு டேக்குகளில் கேட்க அடிக்கடி பொறுமை வருவதில்லை.

ஹெட்ஃபோனில் நான் அதிகம் கேட்பதில்லை. கொஞ்ச நேரம் போட்டுப் பார்த்ததில் ஸ்டீரியோவின் பிளவு அங்கே இன்னும் உறுத்தியது, ஆனால் ஹெட்ஃபோனிலேயே வாழ்பவர்கள் என்னைவிடச் சரியாகச் சொல்வார்கள்.

மூன்றாவதாக, பாதி விலைக்கு வரும் ஐரோப்பியப் பதிப்புகளும் உண்டு. அங்கே 1962 வரை வெளியான பதிவுகளுக்கு ஒலிப்பதிவு உரிமை முடிந்துவிட்டதால் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். அசல் டேப் அவர்கள் கையில் கிடையாது, எதிலிருந்து வெட்டினோம் என்று உறையில் சொல்வதும் அபூர்வம். அந்தக் காசுக்கு சி.டி.யே மேல்.

மறுவிற்பனையை வைத்துக் கணக்குப் போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. டோன் போயட் தட்டுகளை நிறுவனம் மறுபடியும் அச்சடிப்பதுண்டு. அதனால் ‘ஸ்டாக் இல்லை’ என்று யாராவது இரட்டிப்பு விலை சொன்னால் பதறாமல் கொஞ்சம் காத்திருக்கலாம்.