பத்து நாள் சில்வர் சல்ஃபாடயசீனோடு குடித்தனம்

ஹாட் பிளேட் ஆறியிருக்கும் என்று நம்பி முன்கையை அதன்மேல் ஊன்றிவிட்டேன். அதன் பலன்தான் சில்வர் சல்ஃபாடயசீன் என்ற இந்தத் தீப்புண் க்ரீம். வெள்ளிச் சேர்மங்கள் செய்வதே என் பிழைப்பு, அதனால் கொஞ்சம் கறாராகவே எழுதுகிறேன்.

பூசியதும் குளுகுளுவென்றிருக்கிறது, எரிச்சல் இல்லை. 1960களில் தீப்புண் கட்டுகளை சில்வர் நைட்ரேட் கரைசலில் நனைத்து வைத்தார்கள், தொட்டதெல்லாம் கறுத்துப்போகும். அந்தக் கறை என் விரல் நுனிகளுக்கு நன்றாகவே தெரியும். 1968-இல் சார்லஸ் ஃபாக்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் வெள்ளியை, கிருமியை அடக்கும் ஒரு சல்ஃபா மருந்தோடு பிணைத்தார். அந்தச் சேர்மம் க்ரீமில் இருப்பது வெறும் 1 சதவீதம். லேசில் கரையாது என்பதுதான் அதன் பலமே: புண்ணின் கசிவு பட்டுப் பட்டு வெள்ளி அயனி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, கிருமியின் புரதத்திலுள்ள கந்தகத்தைக் கவ்விக்கொள்ளும்.

ஆனால் மூன்றாம் நாள் புண்மேல் மஞ்சளும் சாம்பலுமாக ஒரு படலம். பதறிப்போய்க் காட்டினால், "சீழ் இல்ல தம்பி, மருந்தோட ஏடு" என்று சிரித்தார் கட்டுப்போடும் அக்கா. தினமும் அதைக் கழுவி வழித்த பிறகுதான் புது மருந்து. சுட்டதைவிட வழித்ததுதான் வலித்தது. அந்த ஏடு மூடிக்கொள்வதால் புண் எவ்வளவு ஆழம் என்று பார்ப்பதும் கஷ்டம். மேலோட்டமான காயம் இதனால் ஆறத் தாமதமாகலாம் என்பதால், இப்போது பல மருத்துவர்கள் வேறு கட்டுகளுக்குப் போய்விட்டார்கள். சல்ஃபா ஒவ்வாமை இருப்பவர்கள், நிறைமாதக் கர்ப்பிணிகள், பச்சிளம் குழந்தைகள் பக்கம் இது போகவே கூடாது.

இன்னொன்று, வெள்ளி இருந்தாலும் இது கரிம உலோகச் சேர்மம், அதாவது உலோகம் நேராகக் கார்பனோடு பிணைந்த சேர்மம், இல்லை. இதில் வெள்ளி பிடித்திருப்பது நைட்ரஜனையும் ஆக்சிஜனையும். எங்கள் ஆய்வகத்தில் செய்யும் கார்பீன் (உலோகத்தைத் தன் கார்பனால் பிடிக்கும் கரிம மூலக்கூறு) சேர்மங்களில்தான் வெள்ளி நேராகக் கார்பனைப் பிடிக்கும். சில்வர் ஆக்சைடு என்ற கறுப்புப் பொடியோடு, கார்பீனைத் தரும் இமிடசோலியம் உப்பைச் சேர்த்து, வெளிச்சம் பட்டுக் கறுக்காமலிருக்கக் குடுவைக்கு அலுமினியத் தாள் சுற்றி இரவெல்லாம் கலக்க விடுவோம். காலையில் அந்தப் பொடி கரைந்து காணாமல் போயிருந்தால் அன்றைக்கு நல்ல நாள். கார்பீனின் பக்கக் கிளைகளை மாற்றி, வெள்ளி இறங்கும் வேகத்தை நம் கைக்குள் கொண்டுவரலாம் என்பதே ஆசை. கசிவிலுள்ள குளோரைடு குறுக்கே வந்து வெள்ளியைப் பறித்து வெள்ளை வீழ்படிவாக்கிவிடும் என்பதுதான் தலைவலி. ஆய்வகத்தில் கிருமி வளர்க்கும் பெட்ரி தட்டில் அதைக் கொல்வது ஒன்று, புண்ணில் பூசும் மருந்தாவது வேறு.

ட்யூபின் மூடியைச் சரியாகத் திருகாமல் ஜன்னலோரம் வைத்திருந்தேன். நேற்றுப் பார்த்தால் வாய்ப்பகுதி சாம்பல் பூத்துவிட்டது. குடுவைக்குத் தாள் சுற்றத் தெரிந்தவனுக்கு இது தோன்றவில்லை. கறுத்த க்ரீமைப் பூசக்கூடாது, குப்பைக்குப் போயிற்று.